பாலியல் வன்முறை: ஏன் சொல்வதில்லை, சொன்னாலும் ஏன் நம்புவதில்லை, நம்பினாலும் ஏன் தண்டனை இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பெண் தனக்கு நடந்ததை வெளியே சொல்லும் ஒவ்வொரு முறையும் இதே கேள்விகள்தான் வருகின்றன. சிலர் உண்மையிலேயே புரியாமல் கேட்கிறார்கள். சிலர் பதிலை முன்பே முடிவு செய்துவிட்டுக் கேட்கிறார்கள். யார் கேட்டாலும் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்.

புகாரே வராத குற்றம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

காவல் நிலையப் பதிவேட்டைப் புரட்டினால் தெரியாது. அதனால்தான் பல நாடுகளில் ரகசியம் காப்போம் என்ற உறுதியோடு மக்களிடமே நேரடியாகக் கணக்கெடுக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு நடத்தும் கணக்கெடுப்பில், வல்லுறவுக்கு ஆளான 6 பேரில் 5 பேர் காவல்துறைப் பக்கம் போகவே இல்லை என்று தெரியவந்தது. ஐ.நா. பெண்கள் அமைப்பு தரவு கிடைத்த நாடுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்திருக்கிறது. பெரும்பாலான நாடுகளில், ஏதோ ஒரு வன்முறைக்கு ஆளான பெண்களில் எந்த உதவியையாவது தேடியவர்களே 40 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்படித் தேடியவர்களிலும் காவல்துறையிடம் போனவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஆகவே ஓர் இடத்தில் புகார்கள் குறைவு என்றால் அங்கே குற்றம் குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. திடீரென்று புகார்கள் கூடினால், சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

நடந்த உடனே ஏன் சொல்லவில்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஆழமாகப் பதில் சொல்ல வேண்டியதும் இதற்குத்தான்.

முகம் தெரியாத ஒருவன் இருட்டில் பாய்வதுதான் வல்லுறவு என்று நம் மனதில் பதிந்து கிடக்கிறது. நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை. இந்தியாவின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், 10-ல் 9 வழக்குகளுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். உறவினர், நண்பர், காதலர், அண்டை வீட்டுக்காரர், மேலதிகாரி, ஆசிரியர். மற்ற நாடுகளிலும் பெரும்பான்மை இதுதான்.

தெரிந்தவன் என்றதும் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. அவனைப் பற்றிச் சொன்னால் யார் யாரை இழப்போம்? வேலை இருக்குமா? படிப்பை நிறுத்திவிடுவார்களா? அவன் வீட்டுச் சோற்றைத்தான் தின்கிறோம் என்றால் நாளைக்கு எங்கே போவது? அம்மா தாங்குவாளா? அப்பா கோபத்தில் எதையாவது செய்துவிட்டால்? ஊர் யார் பக்கம் நிற்கும்? இத்தனை கேள்விகளும் ஒரே இரவில், நடுங்கும் உடம்போடு, தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலைக்குள் ஓடுகின்றன. அப்புறம் அவர் வாயை மூடிக்கொள்கிறார். கோழைத்தனம் என்று பிறர் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது தெளிவாகப் போட்ட கணக்கு. முன்னால் சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்துத்தான் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் புகார் கொடுக்காததற்குப் பெண்கள் முன்வைத்த காரணங்களும் இவையே: கூச்சம், காவல்துறையால் ஒன்றும் செய்ய முடியாது என்ற எண்ணம், விசாரணையே அவமானமாக இருக்கும் என்ற பயம்.

இன்னொன்றும் உண்டு. நடந்ததற்கு என்ன பெயர் என்றே பலருக்கு முதலில் தெரிவதில்லை. "நான்தானே அவன் வண்டியில் ஏறினேன்", "முதலில் சரி என்றுதானே சொன்னேன்" என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார்கள். கணவன் செய்தால் அது குற்றமே இல்லை என்று சட்டமே நெடுங்காலம் சொல்லிவந்தது. இங்கிலாந்தில் கணவனுக்கு இருந்த அந்த விலக்கு 1991-ல்தான் நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது. சில நாடுகளில் இன்றும் நீங்கவில்லை. சட்டமே குற்றம் என்று சொல்லாததை ஒரு மனைவி எந்த வாயால் புகாராகச் சொல்வாள்?

குழந்தைகளாக இருந்தபோது பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் பிடிக்கிறது. தேவாலயங்கள், பள்ளிகள், காப்பகங்களில் நடந்த கொடுமைகளை விசாரிக்க ஆஸ்திரேலியா அமைத்த அரச ஆணையம் 2017-ல் இறுதி அறிக்கை தந்தது. அதனிடம் பேசியவர்கள் தங்களுக்கு நடந்ததை முதன்முதலாக வெளியே சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். "இத்தனை வருஷம் கழித்து ஏன்?" என்று கேட்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். தாமதம்தான் இங்கே வழக்கம். உடனே சொல்வது விதிவிலக்கு.

ஏன் கத்தவில்லை? ஏன் எதிர்த்துப் போராடவில்லை?

ஆபத்தில் உடம்பு தன் முதலாளியைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. சிலர் எதிர்ப்பார்கள், சிலர் ஓடுவார்கள், பலர் அப்படியே உறைந்து போவார்கள். கை கால் அசையாது, குரல் எழும்பாது, நடப்பது மட்டும் தெரிந்துகொண்டே இருக்கும். ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்கு ஆளானவர்களுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. அவர்களில் 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவிலும், அவர்களுக்குள்ளேயே, மொத்தப் பெண்களில் 48 விழுக்காட்டினர், மிகக் கடுமையாகவும் உறைந்து போயிருந்தார்கள். அப்படி உறைந்தவர்கள்தான் ஆறு மாதம் கழித்து மன அதிர்ச்சியின் பின்விளைவுகளாலும் மனச்சோர்வாலும் அதிகம் அவதிப்பட்டார்கள். எதிர்க்காதவருக்குப் பாதிப்பு குறைவு என்று நினைப்பது எவ்வளவு தவறு, பாருங்கள்.

ஆனால் நீதிமன்றங்கள் பல காலம் போராட்டத்தின் தடயத்தைத்தான் தேடின. 1972-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே காவலர்களால் வல்லுறவுக்கு ஆளானதாக வழக்கு. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. காவல் நிலையத்துக்குள், இரவில், காவலருக்கு எதிராக ஒரு சிறுமி யாரைக் கூப்பிட்டுக் கத்துவாள்? 1979-ல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் இதைக் கேட்டுத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் போராடிய பிறகு 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. பல்கேரியாவைச் சேர்ந்த ஒரு சிறுமியின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2003-ல் தெளிவாகச் சொன்னது: உடல் எதிர்ப்பு இருந்ததா என்று மட்டும் பார்க்கக் கூடாது, சம்மதம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

காயமே இல்லை என்று மருத்துவ அறிக்கை சொல்கிறதே?

வெளியே தெரியும் காயம் இல்லாத வல்லுறவு சர்வ சாதாரணம். காயம் இல்லை என்பது காயம் இல்லை என்பதை மட்டுமே சொல்லும். மருத்துவப் பரிசோதனையோடு சேர்த்துப் பல இடங்களில் நடத்தப்பட்ட 'கன்னித்தன்மைப் பரிசோதனை'க்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை. அதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் 2018-ல் கேட்டுக்கொண்டன.

வாக்குமூலத்தை மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே, அப்போது பொய்தானே?

அதிர்ச்சியில் பதியும் நினைவு வரிசையாக இருக்காது. அவன் கையின் வாடை ஞாபகம் இருக்கும், மணி எத்தனை என்பது இருக்காது. கதவின் தாழ்ப்பாள் துல்லியமாக நினைவிருக்கும், அதற்கு முன்னால் நடந்ததா பின்னால் நடந்ததா என்பது குழம்பும். ஒரே இரவில் நாலு பேரிடம் நாலு தடவை சொல்ல வைத்தால் நாலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகாது. அப்படி ஒத்துப்போனால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இதை அறியாத விசாரணை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2008-ல் நடந்தது ஓர் உதாரணம். வீட்டுக்குள் புகுந்தவன் கத்தி முனையில் தன்னைக் கட்டிப்போட்டு வல்லுறவு செய்து புகைப்படமும் எடுத்தான் என்று 18 வயதுப் பெண் ஒருவர் புகார் சொன்னார். விவரங்களில் சின்னச் சின்ன முரண்கள். அழுது புரளாமல் இருந்ததால் அவரை வளர்த்தவர்களுக்கே சந்தேகம். காவலர்கள் நெருக்க நெருக்க, "நானாகக் கட்டிச் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டார். உடனே அவர் மீதே பொய்ப் புகார் வழக்கு பதிவானது, நீதிமன்றச் செலவும் கட்டினார். 2011-ல் கொலராடோவில் வேறு பெண்களின் புகார்களை நம்பி விசாரித்த அதிகாரிகள் ஒருவனைப் பிடித்தார்கள். அவனிடம் இருந்த படங்களில் இந்தப் பெண்ணின் படமும் இருந்தது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் அவன் மற்றவர்களைத் தேடிப் போயிருந்தான். பின்னர் அவனுக்கு 327 ஆண்டுகளுக்கும் மேல் சிறை.

"புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டார்" என்று செய்தி வந்தால் அது பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த அறையில், யார் முன்னால் உட்கார்ந்து திரும்பப் பெற்றார் என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகும் அவனோடு பேசியிருக்கிறார், செய்தி அனுப்பியிருக்கிறார். இது எப்படி?

அவன் மேலதிகாரி என்றால் மறுநாளும் வணக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும். காதலன் என்றால் அவன் மன்னிப்புக் கேட்பான் என்று மனம் காத்திருக்கும். எதுவுமே நடக்காததுபோல நடந்துகொண்டால் நடந்தது இல்லையென்று ஆகிவிடாதா என்ற தவிப்பும் இருக்கும். கோபமூட்டினால் இன்னும் மோசமாகும் என்ற பயமும் இருக்கும். இதில் விந்தை ஒன்றும் இல்லை.

பொய்ப் புகார்களே கிடையாது என்கிறீர்களா?

இல்லை. இருக்கின்றன. அதில் சிக்கியவரின் வாழ்க்கை நாசமாகும் என்பதையும் மறுக்கவில்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு பத்தாண்டுகளில் வந்த 136 புகார்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். பொய் என்று உறுதியானவை 8, அதாவது 5.9 விழுக்காடு. பிரிட்டன் உள்துறை அமைச்சகத்துக்காக 2005-ல் முடிந்த பெரிய ஆய்வில், காவல்துறை பொய் என்று பதிந்தவை 8 விழுக்காடு. காவல்துறையின் சொந்த விதிமுறையை வைத்தே ஆய்வாளர்கள் சரிபார்த்தபோது அது 3 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. பொய் என்று பதிந்த பல புகார்களில் குறிப்பிட்ட ஆள் என்று யாரையும் சுட்டவே இல்லை.

சரி, மீதி எல்லாம் உண்மை என்று நிரூபணமானதா? அதுவும் இல்லை. நடுவில் பெரும்பகுதி, போதிய ஆதாரம் இல்லை என்று நின்றுபோனவை. அவற்றை எல்லாம் பொய்க் கணக்கில் தள்ளுவதால்தான் "பாதிக்குப் பாதி பொய்" என்பது போன்ற பேச்சு உலவுகிறது.

இந்தச் சந்தேகத்துக்கு வயது அதிகம். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தலைமை நீதிபதியாக இருந்த மேத்யூ ஹேல், வல்லுறவுக் குற்றச்சாட்டைச் சுமத்துவது எளிது, நிரூபிப்பது கடினம், நிரபராதி தன்னைக் காத்துக்கொள்வது அதைவிடக் கடினம் என்று எழுதிவைத்தார். அமெரிக்க நீதிமன்றங்கள் அதை 20-ஆம் நூற்றாண்டு வரை ஜூரிகளுக்கு எச்சரிக்கையாக வாசித்துக் காட்டின. புகார் கொடுப்பது எளிது என்று சொன்னவர் ஒரு நாளும் புகார் கொடுக்கும் இடத்தில் நின்றதில்லை.

புகார் கொடுத்த பிறகும் வழக்கு ஏன் கரைந்துவிடுகிறது?

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது.

முதல் படி, பதிவு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் காவல்துறை பல ஆண்டுகளாக ஏராளமான பாலியல் புகார்களைக் குற்றமாகவே பதியாமல், 'ஆள் விசாரணை' என்ற பெயரில் ஓரங்கட்டி வைத்திருந்ததை 1999-ல் ஒரு நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. கனடாவில் 2017-ல் வந்த ஒரு நாளிதழ் விசாரணை, நாடு முழுவதும் 5 புகார்களில் ஒன்று 'அடிப்படையற்றது' என்று மூடப்படுவதைக் காட்டியது. குற்றம் குறைந்தது என்று கணக்குக் காட்ட இதைவிட எளிய வழி கிடையாது.

அடுத்து, ஆதாரம். டெட்ராய்ட் காவல்துறைக் கிடங்கு ஒன்றில் 2009-ல் 11,000-க்கும் மேற்பட்ட தடயப் பெட்டிகள் பரிசோதிக்கப்படாமலே கிடந்தன. ஒவ்வொரு பெட்டியும் ஒருவர் மணிக்கணக்கில் தன் உடம்பை மருத்துவப் பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்ததன் விளைவு. பின்னர் அவற்றைச் சோதித்தபோது ஒருவருக்கு மேல் தாக்கியவர்கள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டார்கள். அந்தப் பெட்டிகளை அன்றே திறந்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

அதன் பிறகு, புகார் கொடுத்தவரையே விசாரிக்கும் கட்டம். அவருடைய கைபேசி, பழைய காதல், மனநல சிகிச்சைக் குறிப்பு எல்லாம் மேசைக்கு வருகின்றன. இங்கிலாந்தில் கைபேசி முழுவதையும் ஒப்படைக்கச் சம்மதம் கேட்கும் படிவங்கள் 2019-ல் வந்தன. எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டன. திருட்டுக் கொடுத்தவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

கடைசியில் அரசுத் தரப்பு ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: இந்த வழக்கு ஜெயிக்குமா? குடித்திருந்தாரா, முன்பே பழக்கமா, தாமதமாகச் சொன்னாரா என்று பார்த்து, நீதிமன்றம் நம்பாது என்று தோன்றினால் வழக்கையே தொடுப்பதில்லை. சமூகத்தின் முன்முடிவு இப்படி வழக்கு தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. தப்பித் தவறி நீதிமன்றம் வரை போனால் ஆண்டுக்கணக்கில் வாய்தா, குறுக்கு விசாரணை. வேலையையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியாமல் விலகுகிறவர்கள் ஏராளம்.

லண்டன் டாக்சி ஓட்டுநர் ஜான் வார்பாய்ஸ் வழக்கில் இந்தப் படிகளில் பலவற்றைப் பார்க்கலாம். மயக்க மருந்து கலந்த மதுவைக் கொடுத்துப் பெண்களைத் தாக்கியவன். 2003-லேயே ஒரு பெண் புகார் கொடுத்தார். 2007-ல் இன்னொரு புகாரின் பேரில் அவனைப் பிடித்துவிட்டு விட்டுவிட்டார்கள். 2009-ல் தண்டனை பெற்றபோது 100-க்கும் மேற்பட்ட பெண்களைத் தாக்கியிருப்பான் என்று கருதப்பட்டது. சரியாக விசாரிக்காததன் மூலம் காவல்துறை, 2003-லும் 2007-லும் புகார் கொடுத்த அந்த இரண்டு பெண்களின் மனித உரிமையை மீறியது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டால் புகார் பொய் என்றுதானே பொருள்?

சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை என்று பொருள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் புகார் சொன்னவர் பொய் சொன்னார் என்பது தனிக் குற்றச்சாட்டு. அதையும் தனியாக நிரூபித்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

மதிப்புக்குரியவர், நல்ல மனிதர் மீது புகார் வந்தால் எப்படி நம்புவது?

நல்ல பெயர்தான் பல நேரம் அவர்களுடைய கருவி. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் லாரி நாசரைப் பற்றிச் சிறுமிகள் 1990-களிலேயே பெரியவர்களிடம் சொன்னார்கள். "அது சிகிச்சை, உனக்குப் புரியவில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். 2014-ல் அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகமே விசாரித்து, தவறில்லை என்றது. 2018-ல் தண்டனை விசாரணையின்போது 150-க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் பேசினார்கள். நிறுவனம் தன் பெயரைக் காப்பாற்ற நினைக்கும் இடத்தில் உள் விசாரணைக்குழு உண்மையைத் தேடும் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஆண்களுக்கும் நடக்கிறதா?

நடக்கிறது. அவர்கள் இன்னும் குறைவாகவே சொல்கிறார்கள். "ஆம்பளைக்கு இது எப்படி நடக்கும்" என்ற ஒரு கேள்வி போதும், ஆயுளுக்கும் வாயைக் கட்டிப்போட. உடம்பு தன்னிச்சையாகக் காட்டும் எதிர்வினையைச் சம்மதம் என்று எண்ணித் தங்களையே வெறுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது சம்மதம் ஆகாது. சில நாட்டுச் சட்டங்களில் ஆண் பாதிக்கப்பட்டவராகவே வரமாட்டார். திருநர்களின் நிலைமை இன்னும் கொடுமை, புகார் கொடுக்கப் போன இடத்திலேயே அவமதிக்கப்படுகிறார்கள்.

எதுவுமே மாறவில்லையா?

மாறியிருக்கிறது, மெதுவாக. ஸ்வீடன் 2018-ல் சம்மதத்தை மையமாக வைத்துச் சட்டத்தை மாற்றியது. ஸ்பெயின் 2022-ல் மாற்றியது. ஃபிலடெல்ஃபியாவில் அந்த அம்பலத்துக்குப் பிறகு காவல்துறை ஒரு நல்ல காரியம் செய்தது. மூடிய பாலியல் வழக்குகளின் கோப்புகளைப் பெண்கள் அமைப்பினர் ஆண்டுதோறும் உட்கார்ந்து படித்துக் கேள்வி கேட்க அனுமதித்தது. கனடாவும் இதைப் பின்பற்றத் தொடங்கியது. எனக்குத் தெரிந்து மிகக் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் சீர்திருத்தம் இதுதான். யாரோ பார்ப்பார்கள் என்று தெரிந்தாலே கோப்பு வேறு மாதிரி எழுதப்படும்.

2024-ல் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் ஜிசேல் பெலிக்கோ, மூடிய அறை விசாரணை வேண்டாம் என்று மறுத்து முகத்தைக் காட்டி உட்கார்ந்தார். கணவனே மயக்க மருந்து கொடுத்து ஆண்டுக்கணக்கில் அந்நியர்களை அழைத்து வந்திருந்தான். அவன் உட்பட 51 ஆண்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கவனிக்க வேண்டியது, வீடியோ ஆதாரம் இருந்தும் அவர்களில் பலர் "சம்மதம் இருப்பதாக நினைத்தேன்" என்றே வாதாடினார்கள். வீடியோ இல்லாத பெண்ணின் கதி என்னவாகும்?

ஒருவர் என்னிடம் சொன்னால் நான் என்ன செய்வது?

குறுக்கே பேசாமல் கேளுங்கள். "நம்புகிறேன்", "உன் தப்பில்லை" என்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் கேட்டவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்துத்தான் அவர் அடுத்தவரிடம் சொல்வாரா மாட்டாரா என்பது முடிவாகும். ஏன் போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று கேட்காதீர்கள். அவனை அடிக்கக் கிளம்பாதீர்கள், அப்புறம் அவர் உங்களையும் சேர்த்துச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அவர் அனுமதி இல்லாமல் யாரிடமும் சொல்லாதீர்கள். ஆனால் பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் சட்டப்படி சொல்லியே ஆக வேண்டிய கடமை பல நாடுகளில் இருக்கிறது.

எனக்கு நடந்திருக்கிறது. புகார் கொடுப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

அதை இன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவரை இன்றே பாருங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசர கருத்தடை மாத்திரை 5 நாள் வரை பயன்படும், அதுவும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். உடம்பிலிருந்து தடயம் எடுப்பதும் முதல் சில நாட்களுக்குள்தான் முடியும். முடிந்தால் அதற்கு முன் குளிக்காதீர்கள். குளித்துவிட்டிருந்தாலும் பரவாயில்லை, போங்கள். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். பல நாடுகளில் புகார் இல்லாமலே தடயத்தை எடுத்துப் பத்திரப்படுத்தி வைக்கும் வசதி உண்டு, மருத்துவமனையில் கேளுங்கள்.

ஞாபகம் இருப்பதை உங்களுக்காக மட்டும் தேதியோடு எழுதி வையுங்கள். வரிசையாக வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வருகிறபடி எழுதுங்கள். அவனிடமிருந்து வந்த செய்திகளை அழிக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அவர் சாட்சியாகவும் ஆகலாம்.

நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றால், உங்கள் நாட்டில் இந்தக் குற்றத்துக்குக் கால வரம்பு உண்டா என்று ஒரு வழக்கறிஞரிடமோ பெண்கள் உதவி மையத்திலோ கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் வரம்பே கிடையாது. புகார் கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் மனநல உதவியும் மருத்துவமும் உங்களுக்கு உண்டு. அவற்றைப் பெற நீங்கள் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.